சுவருக்கு அந்தப் பக்கம் வைத்த பெட்டி

வாழவந்தி, ஏற்காடு மலை
12-12-1999

அன்பு மகள் ஜெயசீலிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நலமாயிருக்க ஆண்டவர் துணை செய்வாராக. உன் கடிதம் இரண்டும் வந்தன. இங்கே இரண்டு மாதமாக மழை விடவில்லை, மலைப்பாதையில் மண் சரிந்து நான்கு நாள் சேலம் பஸ் வரவில்லை, காப்பிப் பழம் பறிப்பு தள்ளிப்போய் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அம்மாவுக்கு இடது காது போனது போனதுதான், வலது காதில் கொஞ்சம் கேட்கிறது. நீ, அம்மா டிவியில் படம் பார்க்க வாங்கிய கம்ப்யூட்டரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், கூட வேலை பார்ப்பவர்களிடம் காட்ட வேண்டும், இந்த வயதில் எங்கள் அப்பா சத்தமே இல்லாமல் படம் ஓடும்படி செய்துவிட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தாய். நான் அனுப்பவில்லை. கேமரா கிடைக்காமல் அல்ல. அந்தப் பெட்டி இருந்த இடத்தைப் படம் பிடித்து உனக்குக் காட்ட எனக்கு முகம் இல்லை. சத்தமே இல்லை என்று நான் எழுதியதை நம்பி நீ என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இனியும் படித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டில் நீ நான்கு பக்கம் எழுதியிருந்தாய். அம்மா காதில் வசனம் விழ வேண்டுமென்றால் பெட்டி இரையக் கூடாது, வேகமான பிராசஸர் சூடாகும், அந்தச் சூட்டைத் தணிக்கச் சின்ன ஃபேன் கத்திக்கொண்டு சுற்றும், படம் பார்க்க அந்த வேகம் தேவையே இல்லை, அதனால் வேகம் குறைந்ததை வாங்கிப் பெரிய ஃபேனாக, மெதுவாகச் சுற்றுவதாக மாட்டச் சொல்லுங்கள், ஹார்டு டிஸ்க்கை ரப்பர் மேல் உட்கார வையுங்கள் என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கியிருந்தாய். ஏற்காடு பஜாரில் ரேடியோ கடை வைத்திருக்கிறாரே ரஹமத்துல்லா, அவர்தான் சேலத்திலிருந்து பாகங்களை வாங்கி வந்து பூட்டித் தந்தார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, பாப்பா எழுதுனதுதான் சரிங்க ரைட்டரே, படம் பாக்கறதுக்கு ரேஸ் குதிரை எதுக்குங்க என்று அவரும் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. மேனேஜர் பங்களாவில் ஒன்று இருக்கிறது, அதைவிட வேகமானது வேண்டும் என்றேன். முப்பது வருடம் எஸ்டேட் ரைட்டராக அந்த பங்களா வாசலில் நின்று, ஆட்களின் வேலை நாள் எழுதிய செக்ரோலை நீட்டியவன் நான். ஒரு விஷயத்திலாவது அந்த ஆளுக்கு மேலே இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. வீட்டில் கொண்டுவந்து ஆன் செய்ததும் கூடம் முழுக்க இரைச்சல். அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஏனுங்க, படம் ஓடுதுங்களா, மாவு அரைக்கறீங்களா என்று கேட்டாள். வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் சொன்னது தப்பு என்று ரஹமத்துல்லாவிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

முடிந்தால் பெட்டியைப் பக்கத்து அறையில் வைத்து வயரை மட்டும் இழுங்கள் என்று நீ எழுதியிருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். நம் படுக்கையறை ஒழுகுகிறது. ஆனால் கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஓர் அறைதானே. அது பாவாயியின் வீடு. பழம் பறிக்கிற பாவாயியும் அவள் புருஷன் சென்றாயனும் இருக்கிற, கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு, மொத்தமே அந்த ஓர் அறைதான். போய்க் கேட்டேன். தாராளமா வச்சுக்கோங்க சாமி, எங்கூட்டுல அப்படி என்ன சாமானமா நெறஞ்சு கெடக்குது என்றாள். கேட்டுவிட்டுத்தான் வைத்தேன் என்று இரண்டு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பெயரை முழு நாளாக எழுதுவதா, அரை நாளாக எழுதுவதா, நாளைக்கு வராதே என்று சொல்வதா எல்லாம் என் பேனாவில் இருக்கும்போது அவள் வேறு என்ன சொல்வாள்? சுவரில் ஓட்டை போட்டு, அவள் வீட்டில் பலகை அடித்துப் பெட்டியை ஏற்றினேன். அவள் வீட்டுக்குக் கரண்ட் கிடையாது, கரண்டும் நம் பக்கத்திலிருந்துதான் போயிற்று. அந்த வயரோடு ஒரு பல்பு மாட்டிக் கொடுக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை கண்ணு. அடுப்புப் புகை ஃபேனுக்குள் போனால் மெஷின் கெட்டுவிடும், உள்ளே அடுப்பு மூட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு படத்துக்கு இரண்டு மூன்று சிடி வருகிறது. முடிந்ததும் அடுத்ததைப் போட வேண்டும், போடுகிற இடமோ அவள் வீட்டில். அதையும் அவளுக்கே பழக்கிவிட்டேன். பாவாயி, ரெண்டாவதைப் போடு என்று ஓட்டை வழியாகக் குரல் கொடுப்பேன், தோட்டத்தில் களை வெட்டிவிட்டு வந்தவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜரும் அவர் மனைவியும் படம் பார்க்க வந்தார்கள். என்ன தேவசிகாமணி, பெட்டியே காணோம், சத்தமே இல்லை, எங்கள் வீட்டில் இருப்பது லாரி மாதிரி இரைகிறதே என்று அவர் ஆச்சரியப்பட்டார். நான் முப்பது வருடம் காத்திருந்த பேச்சு அது. அப்போது சுவருக்குள்ளிருந்து, ஏனுங்க, முதல் தட்டுல அழுதுட்டே இருந்துச்சே அந்தப் புள்ள, ரெண்டாவதுல அதுக்குக் கல்யாணம் ஆச்சுங்களா என்று பாவாயியின் குரல் வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படத்தை ஓட்டுகிறவள் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை என்பது அந்தக் கூடத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை நான் எவ்வளவு கூப்பிட்டும் பதில் வரவில்லை. அம்மா எழுந்து, நானே போய்ப் போட்டுட்டு வர்றேன் என்று போனாள். போனவள் நனைந்து திரும்பி வந்து சுவிட்சை அணைத்தாள். கொட்டுகிற மழையில் பாவாயி கூரையோரம் ஒரு உரச் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாளாம், அந்தச் சத்தத்தில் என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. உள்ளே சென்றாயன் காய்ச்சலோடு, பெட்டி இரைச்சலுக்குத் துண்டை மடித்துக் காதில் கட்டிக்கொண்டு படுத்திருந்தானாம். எத்தனை நாளா வெளியே ஆக்கறே என்று அம்மா கேட்டதற்கு, நீங்க மெஷின் வச்ச நாள்லேர்ந்துங்க, இரைஞ்சுட்டே கெடக்கற இந்த வண்டுக்குப் புகை ஆகாதாமே, எங்களுக்கு மழை ஆகும்னு ரைட்டருங்க நெனச்சுட்டாங்க என்று சிரித்தாளாம். அம்மா என்னிடம் கத்தவில்லை. எனக்கு ஒரு காது போனா போவுது, உங்களுக்கு ரெண்டும் இருந்து என்னத்துக்கு ஆச்சுங்க என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே ரஹமத்துல்லாவிடம் போனேன். ரேஸ் குதிரை ஓடி முடிச்சுருச்சுங்களா என்று கேட்டுவிட்டு, நீ எழுதிய அதே வேகம் குறைந்ததை மாட்டினார், உள்ளங்கை அகல ஃபேன் ஒன்று போட்டார், ஹார்டு டிஸ்க்குக்கு அடியில் பழைய செருப்பு ரப்பரை வெட்டி வைத்தார். இப்போது பெட்டி நம் கூடத்தில், டிவி மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால்தான் லேசாக ஒரு முனகல். அம்மாவுக்கு வசனம் நன்றாகவே விழுகிறது. முதலிலேயே நீ சொன்னபடி செய்திருந்தால் இந்தச் சுவரில் உளி வைத்திருக்கவே வேண்டாம். கொத்தனார் மனுவேலைக் கூப்பிட்டு ஓட்டையை அடைத்தாயிற்று. ஒரு வயரை மட்டும் விட்டு பாவாயி வீட்டில் பல்பு போட்டிருக்கிறேன். இதை நல்ல காரியமாக நினைத்துவிடாதே, எஸ்டேட் இருபது வருடத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய பல்பு அது, எழுதிக் கேட்டிருக்க வேண்டிய ஆள் நான்.

ஆனால் பெட்டியை எடுக்கப் போன அன்று நடந்ததுதான் என்னை இன்னும் அறுக்கிறது. தப்புப் பண்ணிட்டேன் பாவாயி, எடுத்துட்டுப் போறேன் என்றேன். அவள் பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, இருந்துட்டுப் போகட்டுமுங்க சாமி, அம்மாகிட்ட நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க, மனசுல வச்சுட்டு எம் பேரை வெட்டிராதீங்க, பறிப்பு இப்பத்தான் ஆரம்பிச்சுருக்குதுங்க என்றாள். நான் மன்னிப்புக் கேட்கப் போனால் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். பேரை வெட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன், செரிங்க செரிங்க என்று தலையாட்டினாள், நம்பவில்லை. இந்த இரண்டு வாரமும் முழு நாளாகத்தான் எழுதுகிறேன், ஆனாலும் தினமும் சாயங்காலம் என் மேசையோரம் வந்து, எம் பேரு இருக்குதுங்களா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். முன்பெல்லாம் அவள் அப்படிக் கேட்டதில்லை.

கூட வேலை பார்ப்பவர்களிடம் சொன்னதைத் திருத்திச் சொல்லிவிடு, அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று பார்க்காதே. ராத்திரி ஷிப்டு போகும்போது கம்பளிச் சட்டை போட்டுக்கொள், ஏசி உனக்கு ஆகாது. பிப்ரவரியில் லீவில் வரும்போது பாவாயி வீட்டுக்கு நீ மட்டும் தனியாகப் போய், அவளுக்கு என்ன வேண்டும், என்ன பயம் என்று கேட்டு வா. நான் கூட வரமாட்டேன். நான் பக்கத்தில் நின்றால் ஒரு குறையும் இல்லைங்க என்றுதான் சொல்வாள். அம்மாவின் முத்தங்களும் எங்கள் இருவர் ஜெபமும் எப்போதும் உன்னோடு இருக்கும்.

உன் அப்பா,
தே. தேவசிகாமணி