வானவில் குளத்துக்கு அடியில் கிடந்தது

தம்பி துணை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பால் சுகம், மனசைக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா, பேரனுக்கு இருமல் நின்றதா? போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். நீ வேலை பார்க்கிற சுற்றுலாக் கம்பெனி போடும் புத்தகத்தில் நான் காலமெல்லாம் புல் வெட்டிய கோல்ஃப் மைதானம் வரப்போகிறது, உலகமே புகழுகிற ஒன்பதாவது குழியும் அதன் முன்னால் இருக்கிற வானவில் குளமும்தான் முதல் பக்கம், அப்பா கரையில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டிருந்தாய். அம்மாடி, அந்தப் பக்கத்தை நிறுத்தச் சொல். குளம் இப்போது இல்லை. அதற்குள் கிடந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

மைதானம் கட்டினது சினிமாக் கொட்டகை எரிந்த வருஷம், ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து தண்டவாளத்தில் ஆடு மேய்ந்த வருஷம், நீ முதல் பல் முளைத்து நெட்டை மாமா விரலைக் கடித்து ரத்தம் வரவைத்த வருஷம். நெட்டை மாமா அம்மாவின் தம்பி என்பது உனக்குத் தெரியும், இந்த வீட்டில் ஏன் அவன் பேச்சே எடுப்பதில்லை என்பதும் தெரியும். மைதானம் கட்டும்போது மண் தோண்டுகிற பொக்லைனை ஓட்டியவன் அவன். மற்ற டிரைவர்கள் வண்டியில் சாமி பேரை எழுதுவார்கள், இவன் பொக்லைனின் நீளக் கையில் வெள்ளைப் பெயிண்டால் அக்கா துணை என்று எழுதினான். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்த இரண்டு வார்த்தையின் வளைவும் சுழியும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஏண்டா, அக்காவைக் கட்டினவனுக்கு ஒரு ஓரத்தில் இடம் கிடையாதா என்று கேட்டேன். உங்களைப் புகைக் குழாயில் எழுதுகிறேன் மச்சான், நீங்கள் ஊதுகிற ஊதுக்கு அதுதான் பொருத்தம் என்றான். ஒன்பதாவது குழிக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளம், மண் எடுத்தபின் மூடிப் புல் பதிக்க வேண்டியது. ஒரு சாயங்காலம் இன்ஜினியர் சொன்னபடி வண்டியைப் பள்ளத்துக்குள் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனான். ராத்திரி பேய் மழை. காலையில் கரை சரிந்து, ஊற்று உடைந்து, பள்ளம் முழுக்கத் தண்ணீர், வண்டியைக் காணோம். உள்ளேதான் விட்டேன் என்றான் அவன். இல்லை, மேட்டுக்கு ஏற்றி ரோட்டோரம் நிறுத்தியதைக் கண்ணால் பார்த்தோம், இவன்தான் யாருக்கோ விற்றுவிட்டான் என்றார்கள் இன்ஜினியரும் கிளப் செயலாளரும். இறங்கித் தேடுங்கள் என்று கெஞ்சினான், ஊற்று ஆளை இழுக்கும் என்று வேலி போட்டுவிட்டார்கள். போலீஸ் உட்காரவைத்து அடித்துவிட்டு, ருசு இல்லை என்று விட்டது. நேராக உன்னைப் பார்க்க வந்தான். திருடின கையால் என் பிள்ளையைத் தூக்காதே என்று சொல்லி அம்மா கதவைச் சாத்தினாள். அவன் செருப்பைக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போனான். எனக்கு அன்றைக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை.

அப்புறம் மைதானத்தை வரைந்த பெரியவர் விமானத்தில் வந்து இறங்கினார். தான் போடாத குளத்தைப் பார்த்ததும் கையிலிருந்த வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், இன்ஜினியருக்கு வேர்த்து ஊற்றியது. அதற்குள் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நிலம் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டேன், குளம் வந்தது என்று பெரியவர் கூசாமல் சொல்லிவிட்டார். பக்கத்தில்தான் நின்றேன், எனக்குப் பம்புசெட் சத்தம்தான் கேட்டது. தண்ணீர் மேல் ஏழு நிறமாக ஒரு பளபளப்பு ஓடும், அதற்கு வானவில் குளம் என்று பேர் வைத்தார்கள். மைதானங்களுக்கு மார்க் போடுகிற ஆட்கள் வருவார்கள், விருந்தினர் அறையில் சும்மா தங்குவார்கள், வயிறு முட்டச் சாப்பிடுவார்கள், பந்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஆகா என்பார்கள். ஒருத்தன் எழுதியதைப் பார்த்து அடுத்தவன் எழுதினான், உலகப் பேர் வந்தது. கரைப் புல் ஏன் கருகுகிறது என்று மட்டும் ஒருத்தனும் கேட்கவில்லை.

போன வாரம் குளம் கசிகிறது என்று தண்ணீரை இறைத்தார்கள். வாட்ச்மேன் மகன் ஓடிவந்து கூப்பிட்டான், போனேன். சேற்றுக்குள்ளிருந்து மஞ்சளாய் ஒரு கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருத்தன் குழாயால் தண்ணீர் பீச்ச, சேறு வழிந்து அந்த எழுத்து வெளியே வருகிறது, முதலில் ஒரு சுழி, அப்புறம் இன்னொரு சுழி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடப்பாவிகளா, இத்தனை வருஷம் உலகம் பார்த்து மெய்மறந்த வானவில் அந்த வண்டியின் டீசல். புது மேனேஜர் வந்து தோளைத் தொட்டு, ஐயா, போட்டி வருகிறது, வெளியே சொல்லாதீர்கள், குளத்தின் பேர் கெட்டுவிடும் என்றான். உன் குளத்தின் பேர் கெட்டால் என்ன தம்பி, இதற்கு அடியில் என் மச்சினன் பேர் கிடக்கிறது என்றேன். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து சிமெண்ட் போட்டு மூடப் போகிறார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அம்மா எழுந்து அணைக்கவில்லை. கடிதத்துக்கு மேலே எந்தச் சாமி துணை போடட்டும் என்று தையல்காரம்மா கேட்டபோதுதான் வாய் திறந்து, தம்பி துணை என்று போடச் சொன்னாள்.

நீ கேட்ட போட்டோவை வைத்திருக்கிறேன். அதில் நான் இல்லை, அந்த மஞ்சள் கைதான் இருக்கிறது, எழுத்து தெளிவாகத் தெரியும். கம்பெனிக்குக் கொடுக்காதே. உங்கள் ஊர் மீன் சந்தைக்குப் பின்னால் அவன் சைக்கிள் கடை வைத்திருப்பதாகக் கேள்வி, கொண்டுபோய் அவன் கையில் கொடு. மூடுவதற்குள் அக்கா கூப்பிடுகிறாள் என்று சொல்லி நீயே கூட்டிக்கொண்டு வா, வரமாட்டேன் என்றால் பேரனைத் தூக்கி மடியில் வை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் தலை நிமிர்ந்து நீடூழி வாழ அப்பா அம்மா ஆசீர்வாதம். மழையில் பேரனை வெளியே விடாதே. தள்ளிப்போடாதே கண்ணு, பழிக்குப் பயந்து பொய் சொன்ன இன்ஜினியர் போய்ச் சேர்ந்தார், செயலாளர் போனார், பெரியவர் கிளப் வாசலில் சிலையாக நிற்கிறார், அந்தப் பள்ளத்துக்குள் என்ன இருந்தது என்று அன்றைக்கே தெரிந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது உன் நெட்டை மாமா ஒருத்தன்தான்.

கைநாட்டு,
உன் அப்பா