துணைக்கு வந்த அக்கா

கொழும்புத்துறை,
12.02.2024

அன்புள்ள கமலா அக்கா,

நானும் மகளும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். தாய்மாருக்குத் தொலைபேசி இலக்கம் தருவதில்லை என்றீர்கள். அதனால் உங்கள் பிரசவத் துணைச் சங்கத்தின் முகவரிக்கு எழுதுகிறேன்.

பிரசவ அறையில் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தீர்களே, அதை மறக்க மாட்டேன். ஆனால் அக்கா, ஒரு மனக்குறை. புத்தூரிலிருந்து அம்மா வந்து ஆஸ்பத்திரி வாசல் கேற்றடியில் நிற்கிறார் என்று நீங்கள் சொன்னபோது, "வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். சைவப் பிள்ளை போய் வேதக்காரரைக் கட்டினேன் என்று, ஜெரிசனோடு வந்த நாளிலிருந்து என் வாசலை மிதிக்காதவர் மேல் அவ்வளவு கோபம். பிறகு நோவில் "அம்மா, அம்மா" என்றுதானே கத்தினேன்? உங்களுக்குக் கேட்கவில்லையா? ஓடிப்போய்க் கூட்டிவந்திருக்கலாமே.

ஜெரிசன் கடலுக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் பிள்ளையும்தான். அவளைக் குளிக்க வார்க்கவே பயமாக இருக்கிறது. ஒருநாள் வாருங்கள். அப்படியே புத்தூருக்கும் போய், நான் கூப்பிட்டு அழுததை அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள்,
கோபிகா


உடுவில்,
20.02.2024

அன்புள்ள கோபிகா,

உமது கடிதம் கண்டு மகிழ்ந்தேன். நீர் கத்தியது எனக்குக் கேட்டது. அந்த அறையில் எல்லோரும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள், அம்மாவை இழந்தவர்களும்கூட. அதனால் நோவு தணிந்த நேரம் பார்த்து, "அம்மாவைக் கூப்பிடச் சொல்லட்டோ?" என்று உமது காதருகே திரும்பவும் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தீர். என் கால் கேற்றுக்கு ஓடத்தான் துடித்தது. உமது மனம் இதுதான் என்று நானே முடிவுகட்டி அவரை உள்ளே கூட்டிவந்திருந்தால், நாளைக்கு இன்னொருத்தி வேண்டாம் என்று சொல்லும்போது அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

வெளியே போனேன். உமது அம்மா வெயிலில் நின்றார். "பிள்ளைக்குச் சுகமோ?" என்று மட்டும் கேட்டார். நீர் அனுமதிக்காமல் அதையும் நான் சொல்லக்கூடாது. தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

தாயும் பிள்ளையும் வீடு போனதும் என் வேலை முடிகிறது. நாங்கள் வீடுகளுக்கு வருவதில்லை, தூதும் போவதில்லை. குளிக்க வார்க்கும் விதத்தை உமது பகுதி மருத்துவமாது வந்து காட்டித் தருவார். அம்மாவிடம் நீரே கதைத்துச் சொல்லும்.

அன்புடன்,
கமலாவதி


கொழும்புத்துறை,
18.03.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சில நாள் கோபமாக இருந்தேன். பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "அம்மா" என்றதற்கு மேல் வாய் வரவில்லை. மறுநாள் பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் சரக்குக்கறிக்கு எல்லாம் அரைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜெரிசனோடு இன்னும் கதை பேச்சு இல்லை. ஆனால் அவர் கரைக்கு வருமுன் அம்மா சோறு போட்டு மூடிவைக்கிறார்.

இப்போது பிள்ளையைக் குளிக்க வார்ப்பது அம்மாதான். என்னைக் கிட்ட விடுவதில்லை. தண்ணீர் தந்த உங்களைப் பார்க்க வேண்டுமாம். "நான் கேட்டதுக்கு அந்தப் பிள்ளை வாய் திறக்கேல்லை. அவவின்ரை முகத்தைப் பாத்துத்தான் நீ சுகமாய் இருக்கிறாய் எண்டு விளங்கினது" என்றார்.

வருகிற ஞாயிறு மகளுக்குப் பெயர் வைக்கிறோம். வேலையாக இல்லாமல் என் அக்காவாக வாருங்கள்.

உங்கள்,
கோபிகா


உடுவில்,
21.03.2024

அன்புள்ள கோபிகா,

அம்மா வந்து இறங்கியதை நீர் எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் முகம் காட்டிக்கொடுத்தது எனக்குத் தெரியாது. இனிக் கவனமாக இருக்க வேண்டும்.

ஞாயிறு நான் வரமாட்டேன். கோபிக்க வேண்டாம். மகளை உமது நெஞ்சில் கிடத்தியபோது அவளுடைய கால் என் மணிக்கட்டில் பட்டது. அந்த நினைவு இன்னும் போகவில்லை. எனக்கும் என் கணவருக்கும் பிள்ளை கிடைக்கவில்லை. உமது வீட்டுக்கு வந்து அவளை மடியில் வாங்கிவிட்டால் எழுந்து வர எனக்கு மனம் வராது. அடுத்த நாள் பிரசவ விடுதியில் என் கையைப் பிடிக்கிறவளோடு நான் முழுதாக இருக்கவும் மாட்டேன். சட்டம் போட்டது சங்கம். அதை இவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பது நான்.

பிள்ளைக்கு வைக்கிற பெயரை எனக்கு எழுத வேண்டாம். தெரிந்தால், வீட்டில் தனியே இருக்கும்போது கூப்பிட்டுப் பார்ப்பேன்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள்.

கமலாவதி