ஹாட்னர் போத்தலைத் திருப்பினது யார்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. வள்ளம் திருத்துகிற கொட்டில் முழுக்கத் தூசி. கட்டைபறிச்சான் ஊரிலிருந்து வந்த வள்ளத்துக்கு அடியில் ஓட்டை, வெள்ளிக்கு முன் பைபர் ஒட்டிக் கொடுக்கவேணும்.

ஹாட்னர் போத்தல் திரும்பியிருக்கிறது. நான் கீறின சிவப்புக் கோடு எப்போதும் சுவர்ப் பக்கம். இன்று வாசல் பக்கம். ரெசினை இறுக வைக்கிற சாமான், என் பிழைப்பே அதில்தான். யார் தொட்டது? கொட்டிலில் மூன்று பேர். நான், எஞ்சின் திருத்துகிற நிஸ்தார், பெயின்ற் அடிக்கிற செல்வமண்ணன். அண்ணனுக்குத் தன் பிரஷைத் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியாது. அப்போ நிஸ்தார்.

நல்ல வேளை, லேபிளைக் கிழித்துவிட்டேன். இங்கே எல்லாரும் அப்படித்தான். என்ன சாமான், எந்தக் கடை என்று பக்கத்து ஆளுக்குத் தெரிந்தால் நாளைக்கு அவனே அந்த வேலையைப் பிடிப்பான்.

வாங்க: பைபர் பாய், பிரஷ், தலையிடிக் குளிசை.

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

நிஸ்தாரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். குப்பை வாளிக்குள் நான் கிழித்துப் போட்ட லேபிள் துண்டுகள். பொறுக்கி, மேசையில் பொருத்தி, போனில் படம் எடுக்கிறான்!

"என்ன தம்பி செய்யிறாய்?"

"சும்மா அக்கா."

சும்மாவாம். சும்மா எவன் குப்பை கிண்டுவான்? பைபர் வேலை தொடங்கப் பார்க்கிறான். கிண்ணியாவில் மச்சான்மார் இருக்கிறார்கள், கைக்கு ஆள் பஞ்சமில்லை.

ஜூலை 10, வியாழன்

ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். வரியெல்லாம் கோணல்.

நேற்று ஹாட்னர் ஊற்றும்போது அவன் என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். கை தவறி வலக்கண்ணில் தெறித்தது. ஐயோ, நெருப்பு! "தாய்ப்பால் விட்டாக் குளிரும், பக்கத்து வீட்டில பிள்ளை பெத்தவளிட்டக் கேக்கிறன்" என்று செல்வமண்ணன் ஓடினார். நிஸ்தார் என் பிடரியைப் பிடித்துக் குழாய்க்குக் கீழே அமத்தினான்.

"விடடா!"

"ஏலாது அக்கா. தண்ணிதான், தண்ணி மட்டுந்தான். கண்ணைத் திறங்க!"

விடவேயில்லை. உடம்பெல்லாம் நனைந்து நடுங்கிப்போனேன். பால் கொண்டுவந்த அண்ணனையும் துரத்திவிட்டான்.

பிறகு ஆஸ்பத்திரி. கண்ணில் பட்டது என்ன என்று டொக்டர் கேட்க முழித்தேன். ஹாட்னர் என்பதற்கு மேல் எனக்கே தெரியாது. நிஸ்தார் போனை நீட்டினான். அந்தச் சாமானுக்குக் கொம்பனி போட்ட பாதுகாப்புத் தாள், முழுதாக. கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பது வரை.

டொக்டர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "உடனே கழுவினபடியா தப்பினீங்க அம்மா. இல்லாட்டிப் பார்வை போயிருக்கும்."

வீட்டுக்கு வந்து அழுதேன். அழவும் எரிந்தது.

ஜூலை 12, சனி

காற்று இல்லை. கண்ணில் கட்டோடு கொட்டிலுக்குப் போனேன். நிஸ்தாரைத் தவிர யாரும் இல்லை. நேரே கேட்டேன், அந்தத் தாள் உனக்கு எதற்கு?

நிலத்தைப் பார்த்தான். "உங்கட சாமான் மணத்தில எனக்கு ஒரே இருமல் அக்கா. என்ன நஞ்சு எண்டு பாக்கப் போத்தலைத் திருப்பினனான், லேபிள் இல்ல. பிறகு குப்பையில எடுத்த பேரைப் போட்டுத் தேட அது வந்திச்சு. கொட்டில் முதலாளியிட்டக் காட்டி உங்கள இங்கயிருந்து எழுப்பத்தான்."

"காட்டினியா?"

"ஓம். செவ்வாக்கிழமையே. பாப்பம் எண்டவர்."

பார்த்தாயா! சந்தேகம் சரி, காரணம்தான் பிழை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவனை நான் இரண்டு கண்ணாலும் முறைக்கப்போவதும் அவனால்தானே. நன்றி என்றேன். நாசமாய்ப் போவாய் என்றும் சொன்னேன். இரண்டுக்கும் தலையாட்டினான்.

அவன் இருமல் என் சாமானால் என்றால், குளிசை போட்டும் விடாத என் தலையிடி எதனால்? அவன் எஞ்சின் கழுவுகிற நீலக் கலனைக் காட்டினேன். "அதுக்குள்ள என்ன?"

"அது... சும்மா கழுவுற சாமான் அக்கா."

கலனில் லேபிள் பாதி உரியாமல் ஒட்டியிருந்தது. படம் எடுக்கக் குனிந்து போனை நீட்டினேன். தடுப்பான் என்று நினைத்தேன்.

"இருட்டில படம் வராது" என்று சொல்லிப் போய் யன்னலைத் திறந்துவிட்டான்.