பீரோவுக்குப் பின்னால் இருந்த பூஞ்சை

நவம்பர் 11, செவ்வாய்

பீரோவை நகர்த்தினால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. மேல்வீட்டு பாத்ரூம் தண்ணீர் இறங்குகிறது. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தேன். போகவில்லை. அதன்மேலேயே பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றிவிட்டேன். கிளம்பிய நெடியில் மூச்சடைத்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடினேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு செல்வி, "பின்னாடி கெமிக்கல் கம்பெனில கேஸ் வுட்டுட்டானுங்க, அல்லாரும் கீய எறங்குங்க," என்று கத்தினாள். மாடியே ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியது. நானும் பொத்திக்கொண்டேன்.

சாயங்காலம் செல்வி தன் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். "இன்னா கேஸுன்னு டாக்டரு கேட்டாருக்கா. கம்பெனி கேஸுன்னேன். நாளைக்கு கம்பெனி கேட்டாண்ட போறோம், நீயும் வா," என்றாள்.

தலையாட்டினேன்.

பூஞ்சை போய்விட்டது. ஈரம் அப்படியே இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை இன்னும் இருமுகிறது. என்ன கேஸ் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.