பற்றரி இல்லாத குளிர்ப்பெட்டி

1998 நவம்பர் 9, திங்கள்

சோலர் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற பற்றரி செத்துவிட்டது. சில நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. இந்தக் கிளினிக்குக்குத் தாதி நான்தான், ஊருக்கு 'மிஸி'. இன்று காலை திறந்தபோது குளிர்சாதனப் பெட்டியில் சத்தமே இல்லை. தடுப்பு மருந்துகள் எல்லாம் வெதுவெதுப்பாகக் கிடந்தன. குழி தோண்டிப் புதைத்தேன். கூரையில் சோலர் தகடு பழுதில்லாமல் வெயில் காய்கிறது. அது தரும் மின்சாரத்தைப் பிடித்துவைக்கத்தான் ஒன்றுமில்லை. இயக்கத்தின் கையில் இருக்கிற வெருகல் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கத்தின் தடை. சோதனைச்சாவடி தாண்டி கைவிளக்குக்குப் போடும் ஒரு ரோச் பற்றரியே வராது.

நவம்பர் 12

மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் ஏறித் திருகோணமலைக்குப் போனேன். சுகாதாரத் திணைக்களக் கந்தோரில் டொக்டர் சிவகுருநாதனிடம் எல்லாம் சொன்னேன். இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தில் சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, பரவுகிறது, அங்கே தங்கியிருக்கும் கோணேஸ்வரியின் மூத்த மகன் போன கிழமை செத்துப்போனான், மருந்து வேண்டும் என்றேன்.

"மருந்து இருக்கு யோகமலர். ஆனா இரவு முழுக்க ஓடாம நிக்கிற பெட்டிக்குள்ள வைக்கத் தர ஏலாது. கெட்ட மருந்தைப் போட்டா, போடாததை விடப் பிழை. தாய்மார் பிள்ளைக்குக் காவல் இருக்கெண்டு நம்பியிருப்பினம்."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் கோபம் கூடியது. திரும்பும்போது துறைமுகம் முழுக்கக் கடற்படைப் படகுகளின் விளக்கு. அங்கே எவ்வளவு வெளிச்சம்!

நவம்பர் 15, ஞாயிறு

சோறு போடும்போது என் வீட்டுக்காரர் கதிரவேலிடம் புலம்பினேன். இவர் வலை போட்டு மீன் பிடிக்கிறவர், மின்சாரம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "நாங்கள் மீனுக்கு ஐஸை மரத்தூளுக்குள்ள வைக்கிறம். அதுக்கு என்ன பற்றரி?" என்றார், சும்மா, சோற்றைப் பிசைந்தபடி.

எனக்குக் கை நின்றுவிட்டது. மின்சாரத்தை ஏன் சேர்க்க வேண்டும்? எனக்குத் தேவை குளிர்தானே? பகலில் ஐஸ் உண்டாக்கி வைத்தால் இரவைத் தாண்டாதா?

நவம்பர் 17

பொறுக்க முடியாமல் நானே தகட்டின் வயரை நேரே பெட்டியில் கொடுத்தேன். காலை வெயில். மோட்டர் திணறித் திணறி நின்றது. கருகல் மணம். வயரைப் பிடுங்கி எறிந்தேன். ஐயோ, இதையும் எரிச்சுப்போட்டனோ?

நவம்பர் 20

தோப்பூரில் ரேடியோ திருத்தும் அபூதாஹிர் நானாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். இராணுவம், இயக்கம் இரண்டின் சாவடியிலும் விளக்கம் சொல்லிச் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மோட்டர் தப்பியிருக்கிறது. அவருக்கும் இது புதிது. இரண்டு பேரும் மாறி மாறிப் பிழைவிட்டு, பின்னேரமானபோது ஒன்றைக் கண்டுபிடித்தோம்: வெயில் நன்றாக ஏறிய பிறகு போட்டால் மோட்டர் கிளம்புகிறது. கிளம்பிவிட்டால் நிற்காமல் ஓடுகிறது.

"மிஸி, இது ஓடுறது சரி. மாரி மழை விடாமப் பிடிச்சா?" என்றார் புறப்படும்போது. நான் வெறும் போத்தல்களைத் தேடத் தொடங்கினேன்.

நவம்பர் 25

நானா போன மறுநாளே பிளாஸ்ரிக் போத்தல்களில் தண்ணீர் நிரப்பிப் பெட்டியின் சுவரோரம் அடுக்கினேன். பகலில் அவை ஐஸாகின. வெளியே மரத்தூள் திணித்த சாக்கு. மூடிக்கு மேல் பழைய மெத்தை. பிறகு வந்த, வெயில் இல்லாத இரண்டு நாளிலும் வெப்பமானி மருந்தின் எல்லையான எட்டு டிகிரியைத் தாண்டவில்லை. மூடியைத் திறக்காமல் இருந்தால் மட்டும்.

டிசம்பர் 2

டொக்டர் என் வெப்பக் குறிப்புகளை இரண்டு தரம் பார்த்தார். "எட்டைத் தாண்டினா எறியவேணும். என்னட்டைக் கேக்கத் தேவையில்லை" என்று சொல்லி மருந்தைக் கையில் தந்தார். லோஞ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 4

மழை. பள்ளிக்கூடப் பாதை வெள்ளத்துக்குள். ஊசி போடப் போக முடியவில்லை.

டிசம்பர் 5, சனி

இயக்கப் பெடியள் மூன்று பேர் வந்தார்கள். சோலர் தகடு வேண்டுமாம், அவசரமாம். பிள்ளைகளுக்கான மருந்து உள்ளே இருக்கிறது என்றேன். மன்றாடினேன். ஒருவன் அதற்குள் கூரையில் ஏறிவிட்டான். கழற்றி இறக்கினார்கள்.

பொறுப்பானவன் பெட்டியைக் காட்டினான். "பற்றரி உள்ளையோ? திறவுங்கோ அக்கா."

"பற்றரி இல்லைத் தம்பி. திறந்தா குளிர் போயிடும்."

"அதை என்னெண்டு நம்புறது?"

நான் மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன். எடுக்கவில்லை. எங்கிருந்து வந்தது அந்தத் துணிவு? தெரியாது.

எப்போது ஊசி என்று கேட்க வெள்ளத்துக்குள்ளால் நடந்து வந்திருந்த கோணேஸ்வரி, சின்னவனை இடுப்பில் வைத்தபடி முன்னுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "தம்பி, ஒண்டைப் புதைச்சுப்போட்டு வந்திருக்கிறன். இதைத் திறந்து மற்றப் பிள்ளையையும் பறிச்சுப்போடாதையுங்கோ."

அவன் பிள்ளையைப் பார்த்தான். பிறகு போய்விட்டான். தகடும் போனது.

டிசம்பர் 6

வெப்பமானி ஆறில். மழை விடவில்லை. தகடு இல்லை, ஐஸ் உருகுகிறது; நாளைக்குப் பள்ளிக்கூடம் போகாவிட்டால் இந்த மருந்து கெட்டுவிடும்.

டிசம்பர் 7

போனோம். இவருடைய மீன்பெட்டியில் மரத்தூள், அதற்குள் ஐஸ் போத்தல்கள், நடுவில் மருந்து. பாதை இருந்த இடத்தில் தோணி வலித்தார். நான் பெட்டியின் மேல் குடை பிடித்தேன், எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் தாய்மார் வரிசையாக நின்றார்கள். கடைசிப் பிள்ளைக்குப் போட்டு முடித்தபோதும் போத்தலுக்குள் ஐஸ் கட்டி ஆடியது. வெப்பமானி ஏழு. மூன்று தரம் பார்த்தேன்.

டிசம்பர் 13

மருந்துக்கு உயிர் இருந்ததா? யாருக்குத் தெரியும். இனிப் பார்த்திருப்பதுதான் வேலை.

டிசம்பர் 19

பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட ஒரு பெண் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. ஓடினேன். உடம்பெல்லாம் தேடினேன் — காதுக்குப் பின்னால், வயிற்றில். சின்னமுத்துத் தடிப்பு இல்லை. வெறும் சளி. வெளியே வந்து சுவரோடு சாய்ந்து அழுதேன்.

1999 ஜனவரி 11

டொக்டர் ஒரு சோலர் தகட்டுக்கு அனுமதி எடுத்து, தானே கொண்டுவந்தார். பற்றரிக்குக் கிடைக்கவில்லையாம். திரியாய் ஊர்க் கிளினிக்குக்கும் இப்படி ஒரு பெட்டி செய்ய வேண்டும், வந்து காட்டுவாயா என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஜனவரி 28

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இந்த மாதம் புதிதாக ஒரு பிள்ளைக்கும் சின்னமுத்து வரவில்லை. சின்னமுத்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்த கடைசி வகுப்பறையை மீண்டும் பாடத்துக்குத் திறக்கிறார்களாம். கோணேஸ்வரி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவன் கிடந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கூட்டினாள். பிறகு அதையும் கூட்டி, பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கை இழுத்து அங்கே போட்டாள்.