வளைவுக்குள் பதில் வராது

உன் மைக் கிடைத்துவிட்டது. தினேஷின் பட்டறையில், பழைய ரேடியோ செட்டுகளை அள்ளிப்போட்டிருந்த அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்தது. நாம் வேலை பார்த்த லாரிக் கம்பெனி மூடியபோது உதிரி சாமானுக்காக அவன் வாங்கிய பெட்டி அது. சுருள் கம்பியில் நீ சுற்றிய பச்சை டேப் அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். தைல வாசம். தலைவலிக்குத் தடவிய விரலைத் துடைக்காமலே மைக்கைப் பிடிப்பாய். நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது, வாசம் மட்டும் போகவில்லை.

இதை உனக்குத்தான் எழுத முடியும். எனக்குப் பயமாக இருக்கிறது.

வீடு வாங்கச் சேர்த்த பணம் முழுவதையும் தினேஷின் கம்பெனியில் போட்டுவிட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடி, மூன்று பேர், அவ்வளவுதான் கம்பெனி. லாரிகளிலும் பஸ்களிலும் பொருத்துகிற பேசும் கருவி செய்கிறார்கள். டிரைவர் ஒரு பட்டனை அழுத்தினால் ஆபிஸோடு பேசலாம். ஆபிஸ் திரையில் ஒவ்வொரு வண்டியும் ஒரு புள்ளி. தொடர்பு இருந்தால் பச்சை, அறுந்தால் சாம்பல். ஏன் போட்டாய் என்று கேட்டால், படித்த கட்டுரைகளிலிருந்து நிறையக் காரணம் சொல்வேன். உண்மை வேறு. முதல்முறை அந்தக் கருவியில் ஒரு குரல் "ஆபிஸ், கேக்குதா?" என்றபோது, பதில் சொல்ல நீ இருப்பாய் என்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த லாரிக் கம்பெனியில் அரை மணிக்கு ஒருமுறை எல்லா டிரைவரையும் மைக்கில் கூப்பிடுவாய். 'பெரட்டு' என்று அதற்குப் பேர் வைத்திருந்தாய். பத்து காஜா பக்கம் உங்கள் எஸ்டேட்டில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை அப்படித்தான் சொல்வார்களாம். நீ பிறப்பதற்குள் அந்த ரப்பர் மரங்களே போய்விட்டன. சொல் மட்டும் உன்னிடம் வந்துவிட்டது.

"மாரி அண்ணே, எங்க இருக்கீங்க?"

"ஒன் மனசுலதான் இருக்கேன் லா!"

"அங்க பார்க்கிங் இல்லண்ணே, லாரிய வேற எங்கயாச்சும் போடுங்க."

நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துச் சிரிப்பேன். "படிச்சது போதும் டி, அவரு வளைவுக்குள்ள போறாரு" என்று மேசையைத் தட்டுவாய். தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில் நாலு வளைவுகளில் எந்தக் குரலும் வெளியே வராது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாய். அதுவரை நிம்மதியாக முறுக்கு தின்பாய். அதைத் தாண்டி ஒரு நிமிடம் போனாலும் முறுக்கு கீழே வந்துவிடும்.

ஒரு மத்தியானம், மாரி அண்ணன் இரண்டாவது வளைவுக்குள் போனவர் வெளியே வரவில்லை.

"லைன் இல்லாம இருக்கும்" என்றேன் நான்.

"லைன் எங்க இல்லன்னு எனக்குத் தெரியும் டி. இவ்வளவு நேரம் பேசலன்னா அது ரோட்டோடது. இதுக்கு மேல பேசலன்னா ஆளோடது."

மலைப்பாதைத் தேநீர்க் கடை அக்காவுக்குப் போன் அடித்தாய். அவர் கணவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தார். லாரி ஓரமாக நின்றிருந்தது. மாரி அண்ணன் டயரில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றும் உயிரோடு இருக்கிறார்.

போன வாரம் தினேஷின் கூட்டாளி அதே ரோட்டில் சோதனைக்கு வேனை ஓட்டிப் போனான். நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளி ஒருமுறைகூடச் சாம்பலாகவில்லை.

"பாத்தியா! ஒரு எடத்துலகூட கட் ஆகல!" என்று தினேஷ் கைதட்டினான்.

"நாலு வளைவுலயுமா? அது முடியாதே."

சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "சிக்னல் போச்சுன்னா, வண்டி எங்க இருக்கும்னு சாப்ட்வேரே நெனச்சு புள்ளிய ஓட்டிரும். சாம்பல் கலரு பாத்தா கஸ்டமர் பயந்துர்றாங்க லா."

"பயப்படட்டுமே!"

"நீ ஒரு ஆளு!" என்று எழுந்து போய்விட்டான்.

முதல் ஆர்டர், அதே மலையில் காய்கறி ஏற்றும் லாரிகளுக்கு. திங்கட்கிழமை பொருத்த வேண்டும். அது போனால் கம்பெனி நிற்காது, என் வீடும் போகும். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதையும் உன்னிடம் சொல்லத்தானே வேண்டும்? மாரி அண்ணன் டயரில் சாய்ந்திருக்க, திரையில் அவருடைய புள்ளி பச்சையாக மலை ஏறிப் போவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அப்போதும் பேசவில்லை.

இன்று காலை மைக் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, லாரி முதலாளியிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

"ஒன் காசும் சேந்துதான் போகும், தெரியுதுல்ல?" என்றான் தினேஷ்.

"தெரியுது."

"ஒரு புள்ளிக்காகவா?"

அவன் எதிரிலேயே போன் செய்தேன். சிக்னல் போனாலும் புள்ளி தானாக ஓடுவதைச் சொன்னேன். முதலாளி, "மொதல்ல சரி பண்ணுங்க, அப்புறம் பாப்போம்" என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை இனி இல்லை. அப்புறம் உண்டா என்பதும் தெரியாது. தினேஷ் ஒரு மணி நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புள்ளியை ஓட்டும் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தான்.

மத்தியானம் வேன் மறுபடி மலை ஏறியது. முதல் வளைவில் புள்ளி சாம்பலானது. இதைத்தானே கேட்டேன்? ஆனாலும் உன்னைப்போல நிமிடங்களை எண்ணினேன். முறுக்கு தின்னும் தைரியம் எனக்கு இல்லை. ஏழாவது நிமிடத்தில் கரகரவென்று ஒரு குரல்: "இருக்கேன் லா!" தினேஷ் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதிலும் இணைக்காத கம்பி மேசையிலிருந்து தொங்குகிறது. சற்றுமுன் பட்டனை அழுத்தி உன் பெயரைக் கூப்பிட்டேன். இது ரோட்டோடது இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, வளைவுக்கு உண்டான நிமிடம் முடியும்வரை பதிலுக்குக் காத்திருந்தேன்.