பச்சையாகத் தெரிந்த விரிப்புகள்

மார்ச் 4
இன்றும் பச்சை.

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நான் எடுத்த படங்களில் ஒன்று. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பை உதறுகிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் சுத்தமான கறுப்பு வெள்ளை. பிரிண்டரிலிருந்து தாள் வெளியே வந்ததும் நிழல் விழுந்த இடமெல்லாம் மெல்லிய பச்சை. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பச்சையா? எங்க? கறுப்பு வெள்ளைப் படத்துல பச்சை எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார். மகள் எட்டிப் பார்த்து "சூப்பரா இருக்கும்மா" என்றாள். எதைக் காட்டினாலும் அவளுக்கு அது சூப்பர்தான்.

மாதக் கடைசியில் நூலகக் கூடத்தில் புகைப்படக் கண்காட்சி. ஒரு சுவர் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் மருந்தக ஜன்னலுக்குள் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவளுக்கு, தன் பேரில் ஒரு முழுச் சுவர். அதில் பச்சை விரிப்பா?

மார்ச் 7
மை வரும் துளைகளைச் சுத்தம் செய்தேன். வேறு தாள் போட்டேன். மறுபடி பச்சை.

யாருக்கும் தெரியாதது எனக்கு மட்டும் தெரிகிறது என்றால் கோளாறு பிரிண்டரிலா?

மார்ச் 8
அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது. "துணி வெள்ளையாவே இல்ல, என்னத்தத் துவைக்கிறே" என்று என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நானும் ரோஷத்தோடு மறுபடி மறுபடி அலசிக் காயப்போட்டேன். அப்புறம் கதவு நிலை வளைந்து தெரிந்தது. அப்புறம் எங்கள் முகங்களின் நடுப்பகுதி காணாமல் போனது. விழித்திரை தேய்கிறது என்றார்கள். "பிள்ளைங்களும் அப்பப்போ கண்ணைக் காட்டிக்கணும்" என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். அண்ணன் போய்க் காட்டினான். நான் போகவில்லை.

மாத்திரை அட்டையில் எறும்பு மாதிரி எழுத்து. ஒன்று கிடக்க ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டால் —

வேண்டாம். எழுத வேண்டாம்.

மார்ச் 11
அம்மாவுக்குக் கொடுத்திருந்தார்களே, கட்டம் போட்ட தாள், அதே மாதிரி ஒன்றை அச்சிட்டேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும்; கோடு வளைந்து தெரிந்தால் விழித்திரையில் கோளாறு. கோடுகள் நேராகத்தான் தெரிந்தன. பிறகு ஒரு கோடு அசைந்தது. அசைந்ததா? இவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தால் எந்தக் கோடுதான் சும்மா நிற்கும்? கசக்கிக் குப்பையில் போட்டேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என்னன்னு சொல்றது? வெள்ளை பச்சையா தெரியுதுன்னா?

மார்ச் 12
ஒவ்வொரு அட்டையையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. பக்கத்து ஜன்னல்காரி, "என்ன, பரீட்சைக்கு மனப்பாடம் பண்றியா?" என்றாள். சிரித்து வைத்தேன்.

மார்ச் 14
நாளை நாத்தனார் வருகிறாராம். வீட்டுக்காரரின் அக்கா. எங்களுக்குள் அவருக்குப் பெயர் தணிக்கை அதிகாரி. எரிகிற நெருப்பில் எண்ணெய்.

மார்ச் 15
முதலில் திரைச்சீலையில் குறை. பிறகு கதவு கிரீச்சிடுவது. பிறகு மகளின் தலைமுடி. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ட்யூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் பரப்பியிருந்த படங்களுக்கு வந்தார். குனிந்து பார்த்தார்.

"என்ன இது, எல்லாம் பாசி புடிச்ச மாதிரி இருக்கு?"

"என்ன சொன்னீங்க அண்ணி?"

"பச்சையா இருக்குன்னு சொன்னேன். ஆஸ்பத்திரித் துணியக் குட்டையிலயா துவைக்கிறாங்க?"

"நிஜமாவே பச்சையா தெரியுதா?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஏங்கி ஏங்கி அழுகிறேன், நிறுத்த முடியவில்லை. அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "இப்ப நான் என்ன சொல்லிட்டேன்? நல்லாத்தாம்மா எடுத்திருக்கே. அழாதே." வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்து, "அக்கா, வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கத்த, அவர் பதிலுக்குக் கத்த, நடுவில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவின் கண், துணி, கட்டம் போட்ட தாள், எல்லாம்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார். படம் நன்றாக இருந்ததாம், பச்சையைத் தேடவே தோன்றவில்லையாம்.

நாத்தனார் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். "இங்க வா. வெயில்ல பாரு." பார்த்தேன். பச்சையைக் காணோம்! லேசாகச் சிவப்படித்தது. உள்ளே கொண்டுவந்தால் பச்சை. வெளியே போனால் சிவப்பு. "துணி எடுக்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாக்கமாட்டோமா? இவ்வளவுதான் விஷயம்" என்றார்.

நான் ட்யூப்லைட்டை விட்டு அந்தப் படங்களை நகர்த்தவே இல்லை. காலையில் வேலைக்கு ஓட்டம், சாயங்காலம்தான் பிரிண்டர்.

நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது. "ஆனா கண்ணைக் காட்டிடணும். பச்சை எனக்கும் தெரியுது, சரி. அதுக்காக உங்க அம்மாவுக்கு வந்தது இல்லைன்னு ஆயிடுமா? நானே கூட வரேன்."

மார்ச் 17
நேற்று தாள் விற்கும் கடைக்காரருக்குப் போன் செய்தேன். கடகடவென்று சிரித்தார். "எல்லா வண்ண மையையும் கலந்துதாங்க உங்க பிரிண்டர் சாம்பல் நிறம் உண்டாக்குது. வெளிச்சம் மாறினா அந்தக் கலவை ஒரு பக்கம் சாய்ஞ்சிடும். கறுப்பு வெள்ளைக்குன்னு தனி செட்டிங் இருக்கு, பாருங்க. அதுல கறுப்பு மையும் சாம்பல் மையும்தான் பெரும்பாலும் இறங்கும்." இருந்தது. இவ்வளவு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

விரிப்புப் படத்தை ராத்திரியே மறுபடி அச்சிட்டேன். ட்யூப்லைட்டில் வெள்ளை. இன்று காலை அரைமணி தாமதமாகப் போனாலும் பரவாயில்லை என்று வெயிலிலும் பார்த்தேன். வெள்ளை. மடிப்புக்குள் இருந்த நிழல்கூடச் சாம்பலிலிருந்து கறுப்புக்குப் படிப்படியாக, மெதுவாக இறங்கிப் போகிறது. அடடா.

மார்ச் 20
கண் டாக்டர். கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். காத்திருந்த நேரத்தில் நாத்தனார் அங்கிருந்த நாற்காலி, மின்விசிறி, சுவரில் மாட்டியிருந்த கண் படம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்த முணுமுணுப்பு இல்லாவிட்டால் நான் எழுந்து ஓடியிருப்பேன்.

"விழித்திரை நல்லா இருக்கு. வருஷா வருஷம் வந்து காட்டுங்க. இப்போதைக்குக் கண்ணாடிய மாத்தினா போதும்."

"டாக்டர், இன்னொரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் நாத்தனார். டாக்டரும் மறுபேச்சில்லாமல் இன்னொரு தடவை பார்த்தார். நல்லா இருக்காம்.

வெளியே வந்தால் கண்ணைத் திறக்கமுடியாத கூச்சம். நாத்தனார் என் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

மார்ச் 21
அம்மாவிடம் போனில் சொன்னேன். "எனக்கு வந்தா உனக்கும் வரணும்னு சட்டமா என்ன?" என்று அதட்டினாள். போனை வைக்கப்போனேன், அதற்குள் தானாகவே தொடர்ந்தாள்.

"தினமும் அதையேதான் நினைச்சிட்டிருந்தேன். கேட்டா பயந்துடுவியோன்னு கேக்கல."

நானும் அதனால்தான் சொல்லவில்லை. இரண்டு பேரும் என்ன மனுஷிகளோ!

மார்ச் 28
மாட்டியாகிவிட்டது. சலவைக்கூடத்துப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். விரிப்பை உதறுகிற பெரியக்கா தன் படத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "இந்த ஓரம் சுருண்டிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீவி விட்டிருப்பேனே" என்றாள். பக்கத்தில் நின்ற நாத்தனார், "நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார். இரண்டு பேரும் அப்போதே சிநேகிதமாகிவிட்டார்கள்.

ஏப்ரல் 6
நாத்தனார் வீடு. ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். காமிராவைத் தூக்கியதும் ஆளே மாறிவிட்டார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறார், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவருக்கு வெட்கம் வரும் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. "பல்லு தெரியாம எடு, சொல்லிட்டேன்" என்று மிரட்டிவிட்டு, அப்படி மிரட்டியதற்கே சிரித்துவிட்டார். அந்த நொடியில் எடுத்தேன்.

அதைத்தான் பெரிதாக அச்சிட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் நெற்றி வருகிறது, பிறகு கண், இதோ பல். திட்டட்டும்.